நாட்டுக்கோழிக்குச் சளி பிடித்தால் எதைப் பார்ப்பது, என்ன கொடுப்பது

கேட்டிருப்பது இது. வீட்டுப் பின்கட்டில் 22 சிறுவிடைக் கோழிகள். பன்னிரண்டு நாளைக்கு முன் சந்தையில் இரண்டு விடைக்கோழி வாங்கி, அன்று மாலையே கூட்டத்தோடு விட்டுவிட்டார்கள். முதலில் அந்த இரண்டும் தும்மின. இப்போது ஏழு கோழிக்குக் கண்ணோரத்தில் நுரை கட்டுகிறது, ராத்திரி அடைந்த பிறகு கரகரவென்று சத்தம் வருகிறது. ஒரு பெட்டைக்கு முகம் ஒரு பக்கமாக வீங்கி, மூக்கிலிருந்து கெட்ட வாடை. நாளைக்கு 11 வந்த முட்டை 6 ஆகிவிட்டது. சாவு எதுவும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் அமாக்ஸிசிலின் வாங்கி மூன்று நாள் தண்ணீரில் கலந்து கொடுத்தும் கேட்கவில்லை. வேறு என்ன மருந்து கொடுக்கலாம்?

மருந்தைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று. கோழிக்கு "சளி" என்பது ஒரு நோய் அல்ல. ஏழெட்டு நோய்கள் ஒரே மாதிரித் தும்மலோடும் மூக்கொழுகலோடும்தான் தொடங்குகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும், சிலவற்றுக்குத் துளியும் செய்யாது, ஒன்றிரண்டுக்கு உடனே அரசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பிரித்தறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம். எவ்வளவு வேகமாகப் பரவியது, எத்தனை செத்தது, முகம் எப்படி இருக்கிறது, எச்சம் என்ன நிறம் என்ற நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எச்ச நிறத்தை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் சொன்னவை எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. மெதுவாகப் பரவியிருக்கிறது, சாவு இல்லை, கண்ணோரம் சோப்பு நுரை போலக் குமிழ், ராத்திரியில் கரகரப்பு. இது மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாள்பட்ட சுவாச நோய், கோழிப் பண்ணைகளில் சிஆர்டி என்பார்களே அதுதான். கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். நீங்கள் சொல்லும் பன்னிரண்டு நாள் அதற்குள் சரியாக விழுகிறது. முகம் வீங்கி வாடை அடிக்கும் பெட்டைக்கு மட்டும் கூடவே கோரைசா என்ற பாக்டீரியா சளி நோயும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஜோடியாக வருவது சகஜம்.

அமாக்ஸிசிலின் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் கிருமியின் செல்சுவரை உடைத்துத்தான் அதைக் கொல்கின்றன. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. இல்லாத சுவரை எந்த அளவு மருந்தாலும் இடிக்க முடியாது. அளவைக் கூட்டியோ, இன்னும் மூன்று நாள் நீட்டித்தோ பயனில்லை. இன்றே நிறுத்திவிடுங்கள்.

மருந்து வாங்கப் போகும் முன் இது வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். முக்கியமாக ராணிக்கெட், நம் ஊர்ப் பேச்சில் வெள்ளைக்கழிச்சல். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் அடையாளம் கண்ட நோய். இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கெட் ஊரின் பெயரில் இங்கே நிலைத்துவிட்டது. பெயரில் கழிச்சல் இருப்பதால் வயிற்றுப்போக்கு இருந்தால்தான் இந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்குவதில்தான் பல நேரம் தொடங்குகிறது. அடுத்த நாள் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் போல எச்சம், தீவனத்தைத் திரும்பிப் பார்க்காமல் ஒரு மூலையில் குந்தியிருப்பது, மூன்று நான்கு நாளில் அடுத்தடுத்துச் சாவு. பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகைப் பார்க்கும், அல்லது ஒரு காலை இழுக்கும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பத்துக்கு ஒன்பது போய்விடும். இது வைரஸ், ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படாது. செத்த கோழியை மருத்துவர் அறுத்துப் பார்த்தால், இரைப்பைக்கு முன்னால் இருக்கும் சுரப்பி வயிற்றின் உட்சுவரில் ஊசிமுனை ரத்தப் புள்ளிகள் தெரியும். அரைகுறையாகத் தடுப்பூசி போட்ட கூட்டத்தில் மட்டும் இதே நோய் லேசாக, சாதாரணச் சளி போல வந்து ஏமாற்றும். அதனால் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைடிஸ் ஒன்று உண்டு. அதுவும் வைரஸ். அதன் அடையாளம் வேகம். இன்று ஒன்று தும்மினால் இரண்டே நாளில் கூட்டம் முழுவதும் தும்மும். பிறகு வரும் முட்டைகளில் ஓடு சுருங்கிச் சொரசொரப்பாக, வெள்ளைக் கரு தண்ணீராக இருக்கும். உங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு நாளில் ஏழுதான் என்பதால் இது இல்லை. கூண்டுச் சுவரிலோ கம்பியிலோ ரத்தம் கலந்த சளி தெறித்திருந்தால், கோழி தலையை உதறி ரத்தக் கட்டியைத் துப்பினால், அது ஐஎல்டி என்ற மூச்சுக்குழாய் வைரஸ் நோய். தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

பறவைக் காய்ச்சல் பற்றி ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. கேரளத்தின் ஆலப்புழையில் வாத்துகளுக்கு வரும்போதெல்லாம் நம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் கெடுபிடி தொடங்குவதைப் பார்க்கிறோம். அதன் தீவிர வகையில் தும்மிக்கொண்டு பன்னிரண்டு நாள் உயிரோடு இருக்காது. நேற்று மேய்ந்த கோழி இன்று காலையில் செத்துக் கிடக்கும். கொண்டையும் தாடியும் நீலம் பாரித்திருக்கும், தலை வீங்கியிருக்கும், கால் செதிலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கும். ஒரே நாளில் காரணம் தெரியாமல் மூன்று நான்கு செத்தால் அறுக்காதீர்கள், சமைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். வெறுங்கையால் தொடாமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ 1962 எண்ணுக்கோ சொல்லுங்கள். அப்படிச் சொல்வது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

இனி வாய்க்குள் பார்க்க வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, ஆனால் ஒரு நிமிட வேலைதான். பகல் வெளிச்சத்தில் கோழியை மடியில் வைத்து, இறக்கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி ஒரு துண்டால் சுற்றிக்கொள்ளுங்கள். இடது கைக் கட்டைவிரலால் மேல் அலகைத் தூக்கி, வலது கைச் சுட்டுவிரலால் கீழ் அலகை இறக்குங்கள். நாக்குக்குப் பின்னால் சின்னப் பிளவு ஒன்று மூச்சுக்கு மூச்சு திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். அதைச் சுற்றி இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தால் நல்லது. மஞ்சள் அல்லது வெள்ளை நிறத்தில் தயிர்க்கட்டி போல ஒட்டியிருந்தால் அது அம்மையின் உள்வகையாக இருக்கலாம். கொண்டையில் கரும்பொருக்கு இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். அந்தக் கட்டியை உரிக்கக் கூடாது, ரத்தம் வடிந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும். கட்டி இல்லாமல் கடுகு அளவு வெள்ளைக் கொப்புளங்கள் வரிசையாக இருந்தால் வைட்டமின் ஏ குறைவு. வெறும் அரிசிக் குருணையிலும் சோற்றிலும் வளரும் கோழிக்கு இது வரும். முருங்கைக்கீரையும் மஞ்சள் மக்காச்சோளமும் கொடுத்தால் சில வாரத்தில் தேறும்.

அடுத்து காது. ராத்திரி எட்டரை மணிக்கு மேல், எல்லாம் அடைந்து அமைதியான பிறகு, விளக்குப் போடாமல் கூண்டுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பகல் சந்தடியில் கேட்காத கரகரப்பு அப்போது தெளிவாகக் கேட்கும். எந்தக் கோழி என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக எடுத்து முதுகில் காதை வைத்தால் போதும். சத்தம் வருகிற கோழியின் காலில் ஒரு வண்ண நூல் கட்டிவிடுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதைப் பிறகு இந்த நூல்தான் சொல்லும்.

சரி, இன்று செய்ய வேண்டியவை. நூல் கட்டியவற்றையும், முகம் வீங்கியதையும், சந்தையிலிருந்து வந்த இரண்டையும் தனியே பிரியுங்கள். பஞ்சாரத்தைப் போட்டு அதே முற்றத்தில் ஒரு மூலையில் வைப்பது பிரித்ததாகாது. குறைந்தது பத்து மீட்டர் தள்ளி, காற்று அடிக்கும் திசைக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர்க் குவளை தனி, தீவனத் தட்டு தனி. நல்ல கோழிகளுக்கு முதலில் தீவனம் வைத்துவிட்டுக் கடைசியாகத்தான் நோய்க் கோழியிடம் போக வேண்டும், அங்கே போட ஒரு செருப்பு தனியாக இருக்கட்டும். கோரைசா முக்கியமாகத் தண்ணீர்க் குவளை வழியாகப் பரவும். மூக்கொழுகும் கோழி குடிக்கும் தண்ணீரில் சளி கரைகிறது, அடுத்தது அதையே குடிக்கிறது. காலையும் மாலையும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குவளையைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் வைத்தாலே பாதிப் பரவல் நிற்கும்.

மருந்துக்கு வருவோம். உங்கள் நிலைமைக்கு மருத்துவர்கள் எழுதக்கூடியவை டாக்ஸிசைக்ளின், டைலோசின், என்ரோஃப்ளாக்சசின், டியாமுலின். மைக்கோபிளாஸ்மாவோடு கோரைசாவும் சேர்ந்திருக்கும் என்று சந்தேகிப்பதால் இரண்டையும் பிடிக்கும் டாக்ஸிசைக்ளினைத்தான் நான் முதலில் கேட்பேன். டைலோசின் மைக்கோபிளாஸ்மாவுக்கு நல்ல மருந்து, ஆனால் வீங்கிய முகத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. என்ரோஃப்ளாக்சசின் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது என்பதற்காகவே எடுத்ததற்கெல்லாம் ஊற்றப்படுகிறது. அதன் குடும்பத்து மருந்துகள் மனிதருக்கும் தேவைப்படுபவை. வேறு வழி இல்லாதபோதுதான் அதற்குப் போக வேண்டும். எதுவானாலும் கால்நடை மருத்துவரின் சீட்டோடு வாங்குங்கள். கோழியை நேரில் பார்ப்பவர் அளவைத் திருத்த இடம் இருக்க வேண்டும்.

அளவுக் கணக்கு எப்படிப் போடுவது என்று தெரிந்திருந்தால் கடைக்காரர் சொல்லும் "ஒரு ஸ்பூன் போடுங்க" என்பதில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். நான்கைந்து கோழியைப் பையில் போட்டுக் கைத்தராசில் எடை பாருங்கள். சராசரி 1.4 கிலோ என்றால் 22 கோழிக்கு ஏறத்தாழ 31 கிலோ. டாக்ஸிசைக்ளின் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம். 31-ஐ 20-ஆல் பெருக்கினால் 620 மில்லிகிராம். இது சுத்த மருந்தின் அளவு. கையில் இருக்கும் பவுடர் 10 சதவீதம் என்றால், ஒரு கிராமில் 100 மில்லிகிராம்தான் மருந்து. ஆக 6.2 கிராம் பவுடர் வேண்டும். 20 சதவீதப் பவுடர் என்றால் அதில் பாதி. நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசு இல்லாவிட்டால், மருந்துக் கடையில் ஒரு நாள் அளவாகப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள்.

இனி தண்ணீர். இந்த எடைக் கோழி நாளைக்கு 150 முதல் 200 மில்லி குடிக்கும், சித்திரை வெயிலில் இன்னும் அதிகம். 22 கோழிக்கு மூன்றேகால் முதல் நான்கரை லிட்டர் வரை போகும். நோய்ப்பட்டது குறைவாகக் குடிக்கும் என்பதால் முழு நாள் மருந்தையும் மூன்று லிட்டரில் கரைத்து, பிரித்து வைத்திருக்கும் இரண்டு பகுதிக்கும் தலைக்கணக்குப்படி பங்கிட்டுக் காலையில் வையுங்கள். அது தீர்ந்த பிறகுதான் வெறும் தண்ணீர். வேறு எங்கும் தண்ணீர் கிடைக்கக் கூடாது. மாட்டுத் தொட்டி, குழாயடித் தேக்கம், வாழைப்பாத்தி எல்லாவற்றையும் கவனியுங்கள். மருந்துத் தண்ணீரின் கசப்பு பிடிக்காத கோழி நேராக அங்கேதான் போகும், நீங்கள் மருந்து கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும், வெயில் படாத இடத்தில் பிளாஸ்டிக் அல்லது மண் குவளையில் வைக்க வேண்டும், துத்தநாகப் பூச்சுத் தகரத்தில் வேண்டாம். இந்த மருந்து சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொண்டு குடலில் ஏறாமல் வெளியே போய்விடும். அதனால் மருந்து ஓடும் ஐந்து நாளும் கிளிஞ்சல் தூளையும் கால்சியம் டானிக்கையும் நிறுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புப் படியும் கடினநீராக இருந்தால் மழைநீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

ஐந்து நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே தும்மல் குறையும். அங்கேயே நிறுத்திவிட்டால் இரண்டு வாரத்தில் திரும்பும், இரண்டாவது முறை அதே மருந்துக்குப் பணியாது.

ஒரு எச்சரிக்கை. டியாமுலின் எழுதிக் கொடுத்திருந்தால், நீங்கள் போடும் தீவன மூட்டையின் சீட்டைப் படியுங்கள். மோனென்சின், சாலினோமைசின் போன்ற ரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து கலந்த தீவனத்தோடு டியாமுலின் சேர்ந்தால் கோழிக்குக் கால் செயலிழந்து செத்துவிடும். பிராய்லர் தீவனத்தில் இவை இருப்பது வழக்கம். அதுபோலப் பழைய சரக்காக யாராவது கொலிஸ்டின் கலந்த பவுடரைக் கொடுத்தால் வாங்காதீர்கள். 2019 ஜூலையில் கோழி உட்பட உணவுக்கான எல்லா உயிர்களுக்கும் இந்தியாவில் அதைத் தடை செய்துவிட்டார்கள். தவிர, மைக்கோபிளாஸ்மாவை அது ஒன்றும் செய்யாது.

முட்டை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒரு மஞ்சள் கரு திரண்டு வளர ஏறத்தாழ பத்து நாள் ஆகிறது. மருந்து ஓடும் நாளில் ரத்தத்தில் இருப்பது அந்தக் கருவில் படிகிறது. அதனால் மருந்து முடிந்த மறுநாள் முட்டை சுத்தமாகிவிடாது. மருத்துவர் வேறு கணக்குச் சொல்லாதவரை கடைசி மருந்து நாளிலிருந்து நான்கு வாரத்துக்கு முட்டையைச் சாப்பிடவோ விற்கவோ வேண்டாம், இறைச்சிக்கும் அறுக்க வேண்டாம். அந்த முட்டைகளைக் குழியில் புதையுங்கள். அடைக்கும் வைக்கக் கூடாது. காரணம் மருந்து மட்டுமல்ல, மைக்கோபிளாஸ்மா தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்கும். பொரிக்கும்போதே நோயோடு வரும் குஞ்சுகள் உங்கள் வீட்டில் மட்டும் தங்காது, சொந்தக்காரர் வீட்டுக்கும் போகும்.

தனியே பிரித்த கோழிக்கு மருந்தைவிடப் பராமரிப்புதான் உயிர் காக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கும் கோழிக்குக் குளிர்கிறது என்று அர்த்தம். அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, ஒரு பக்கமாக மட்டும் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். சூடு வேண்டாமென்றால் மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். குழைந்த சோற்றில் அவித்த முட்டையை மசித்து, ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை வையுங்கள். மூக்கடைத்த கோழிக்குத் தீவனத்தின் வாசனை தெரியாது, வெதுவெதுப்பாக இருந்தால் எடுக்கும். கண் ஒட்டியிருந்தால் அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, பஞ்சை நனைத்து, ஒரு நிமிடம் கண் மேல் வைத்திருந்து பிறகு துடையுங்கள். காய்ந்த பீளையைப் பிய்த்து எடுத்தால் இமைத்தோல் கிழியும். ஒவ்வொரு கண்ணுக்கும் புதுப் பஞ்சு.

குடிக்கவே மறுக்கும் கோழிக்கு ஊசி இல்லாத சிரிஞ்சால் கொடுக்கலாம். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே நாக்கை நீட்டி விழுங்கும், அப்படிச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்க வேண்டும். தலையை அண்ணாத்தி வாய்க்குள் பீய்ச்சினால், மேலே சொன்ன அந்தப் பிளவுக்குள் போய் நுரையீரலில் இறங்கிவிடும். மண்ணெண்ணெய், நல்லெண்ணெய், பிராந்தி என்று வாயில் ஊற்றிய கோழிகள் பல செத்தது சளியால் அல்ல, நுரையீரலுக்குள் போன அந்தத் திரவத்தால்தான். தூதுவளை, கற்பூரவல்லி, துளசி, சின்ன வெங்காயம், மிளகு இவற்றை அரைத்துத் தீவனத்தில் கலந்து கொடுப்பது நல்ல பழக்கம். கோழி தீவனம் எடுக்க உதவும், தொந்தரவு இல்லை. ஆனால் மைக்கோபிளாஸ்மாவை விரட்டும் என்றோ வெள்ளைக்கழிச்சலை நிறுத்தும் என்றோ நம்பி மருத்துவரிடம் போவதை நான்கு நாள் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது கூண்டு. நாளை விடியற்காலையில் கதவைத் திறக்கும் முன், குனிந்து கோழி அடையும் உயரத்தில் முகத்தை வைத்து ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். கண் எரிந்தால் உள்ளே அம்மோனியா அதிகம். கோழி ராத்திரி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதைத்தான் சுவாசிக்கிறது. மூச்சுக்குழாயின் உள்ளே மெல்லிய மயிர்கள் அசைந்து அசைந்து தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அம்மோனியா அந்த மயிர்களை முடக்கிவிடுகிறது. அதன் பிறகு எந்தச் சாதாரணக் கிருமியும் உள்ளே குடியேறிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் சாரல் அடிக்கிறதென்று கூண்டைச் சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூச்சு முட்ட மூடுவதுதான் இதற்குப் பெரிய காரணம். கோழி குளிரைத் தாங்கும், ஈரக்காற்றும் அம்மோனியாவும் சேர்ந்தால் தாங்காது. சாரல் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள், ஆனால் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி எதிரெதிர்ப் பக்கங்களில் திறந்தே இருக்கட்டும். கோழி உட்காரும் குச்சிக்கு மேலே காற்று ஓட வேண்டும், குச்சி மட்டத்தில் அடிக்கக் கூடாது. ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி தரையும், குச்சியில் 20 சென்டிமீட்டரும் கணக்கு.

தரையில் உமியோ கடலைத் தொலியோ இரண்டு மூன்று அங்குலம் இருக்க வேண்டும். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்தால் உதிர வேண்டும், கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் அதிகம், அந்தப் பகுதியை வாரிப் போட்டுவிடுங்கள். ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு தூவினால் நல்லது என்பது பாதி உண்மை. தூவியவுடன் கூளத்தில் அடங்கியிருக்கும் அம்மோனியா ஒரே மூச்சில் வெளியே வரும். அதனால் கோழி மேயப் போன பிறகு காலையில் தூவிக் கிளறி, கதவைத் திறந்துபோட்டு, சாயங்காலம் அடைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலையும் தீவனத்தையும் பக்கத்தில் சேர்க்கவே கூடாது. அதன் வித்துகள் குஞ்சுகளின் நுரையீரலில் வளர்ந்துவிட்டால் எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது.

கசப்பான செய்தி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தும்மல் நின்று, முட்டை திரும்பி, கொண்டை சிவந்தாலும், மைக்கோபிளாஸ்மா வந்துபோன கோழி ஆயுளுக்கும் அதைச் சுமக்கும். கோரைசாவும் அப்படியே. மருந்து நோயை அடக்குகிறது, கிருமியைத் துடைத்தெடுப்பதில்லை. மழை, முட்டை விடும் பருவம், இடமாற்றம் என்று உடம்பு தளரும்போது மீண்டும் தலைகாட்டும். ஆக உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, இந்தக் கூட்டத்தை மூடிய கூட்டமாக வைத்துக்கொள்வது. புதுக் கோழி உள்ளே வராது, இங்கிருந்து ஒன்றும் உயிரோடு வெளியே போகாது, அடை கிடையாது. வீட்டு முட்டைக்காக மட்டும் வளர்ப்பவருக்கு இது போதும். குஞ்சு பொரித்து விற்பவராக இருந்தால் இரண்டாவது வழிதான். மருந்துக்காகச் சொன்ன அந்த நான்கு வாரம் முடிந்த பிறகு எல்லாவற்றையும் இறைச்சிக்குக் கழித்துவிட்டு, கூளத்தை வாரிப் புதைத்து, கூண்டைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மூன்று வாரம் வெயிலில் காயப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. இந்தக் கிருமிகள் கோழியின் உடம்புக்கு வெளியே சில நாளுக்கு மேல் தாங்காது என்பது நமக்குச் சாதகம். கிருமிநாசினி தெளிப்பதானால் கழுவிய பிறகுதான். எச்சம் ஒட்டிய பலகையில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினால் அந்த அழுக்கே அதன் வீரியத்தை விழுங்கிவிடும்.

எந்த வழியை எடுத்தாலும், நோய்க் கோழிகளைச் சந்தைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். உங்களிடம் வந்த இரண்டும் அப்படி யாரோ கொண்டுவந்தவைதான்.

புதிதாகத் தொடங்கிய பிறகு வெளியிலிருந்து கோழி வாங்கினால் 30 நாள் தனியே வைத்திருங்கள். கடைசி மூன்று வாரம் உங்கள் கூட்டத்துக் கோழி ஒன்றை அதனோடு விட்டுப் பாருங்கள். பார்க்க நன்றாக இருக்கும் புதுக் கோழி கிருமியைச் சுமந்து வந்திருந்தால் உங்கள் அந்த ஒரு கோழி தும்மும், மீதிக் கூட்டம் தப்பிக்கும்.

தடுப்பூசியையும் இத்தோடு ஒழுங்குபடுத்திவிடுங்கள். ராணிக்கெட்டுக்குக் குஞ்சு பொரித்த ஏழாம் நாளுக்குள் எஃப் 1 அல்லது லசோட்டா என்ற சொட்டு மருந்து, ஒரு கண்ணில் ஒரு சொட்டு. சிமிட்டி உள்ளே இழுக்கும் வரை கையை எடுக்கக் கூடாது. நான்காம் வாரம் லசோட்டா தண்ணீரில். அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல், குளோரின் கலக்காத தண்ணீரில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்து, அதில் மருந்தைக் கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வைக்க வேண்டும். எட்டாம் வாரம் ஆர்டிவிகே என்ற ராணிக்கெட் ஊசி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழ் அரை மில்லி. இது கொஞ்சம் வீரியமான மருந்து. முன்பு லசோட்டா போடாத சின்னக் குஞ்சுக்கோ, சளி பிடித்திருக்கும் கோழிக்கோ போட்டால் அதுவே நோயாகிவிடும். உங்கள் கூட்டத்துக்கு இப்போது எந்தத் தடுப்பூசியும் வேண்டாம், தும்மல் அடங்கி மூன்று வாரம் போகட்டும். லசோட்டா போட்ட மூன்றாம் நாளிலிருந்து நல்ல கோழியும் இரண்டு மூன்று நாள் லேசாகத் தும்மும், பயப்பட வேண்டாம்.

குப்பி பெரும்பாலும் நூறு டோஸாகவோ அதற்கு மேலோதான் வரும், திறந்தால் மிச்சம் வைக்க முடியாது என்பதால் தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே மாலையில் போட்டுக்கொள்வது சிக்கனம். ஐஸ் போட்ட ஃபிளாஸ்க் இல்லாமல் வாங்கி வராதீர்கள், வெயிலில் சட்டைப் பையில் வந்த மருந்து வெறும் தண்ணீர். தமிழ்நாட்டில் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை ராணிக்கெட்டுக்கான இரண்டு வாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. மாசி பங்குனியில் வெயில் ஏறும்போதுதான் இந்த நோய் கொத்துக் கொத்தாக அள்ளிக்கொண்டு போகும் என்பதால் அதற்கு முன்பாக வைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஏதாவது செத்தால், சில மணி நேரத்துக்குள் பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்று கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ, பக்கம் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசு சிதைந்து பார்க்க முடியாமல் போகும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ராணிக்கெட் கிருமி மனிதர் கண்ணில் பட்டால் கண் சிவந்து நீர் வடியும். ஆய்வுக்குப் போகாததை மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். வாய்க்காலில் எறிந்தால் நாயும் காகமும் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோகும்.

ஆறாம் நாள் ராத்திரி மறுபடி போய் நின்று கேளுங்கள். நூல் கட்டிய ஏழில் குறைந்தது ஐந்து அமைதியாக அடைந்திருக்க வேண்டும். முட்டை பழைய எண்ணிக்கைக்கு வர மூன்று நான்கு வாரம் பிடிக்கும், அதை வைத்து மருந்தை எடை போட வேண்டாம். பாதிக்கு மேல் இன்னும் கரகரத்தால் நீங்களாக அடுத்த மருந்துக்குத் தாவாதீர்கள். ஒரு கோழியை உயிரோடு எடுத்துப்போய் மூக்குச் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். முகம் வீங்கிய அந்தப் பெட்டையின் கன்னத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் வற்றிவிடும். பட்டாணி போலக் கெட்டியாக உருண்டால் சீழ் உறைந்துவிட்டது, மருந்து அதற்குள் போகாது. பிதுக்காதீர்கள், மருத்துவர் கீறி எடுத்து அயோடின் வைத்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.